க்ளினிக்ல பல்லுக்கு எந்த நம்பர் போடறது? எஃப்டிஐ, பாமர், யுனிவர்சல் – மூணையும் வெச்சு ஒரு ஒப்பீடு

புதுசா க்ளினிக் போடற ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்கற கேள்வி இது. சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணும்போது செட்டிங்ஸ்ல ஒரு இடத்துல டூத் நம்பரிங் எது வேணும்னு கேக்கும், அங்க எஃப்டிஐ, பாமர், யுனிவர்சல்னு பல்லுக்கு நம்பர் போடற மூணு முறை ஆப்ஷனா இருக்கும், எதைத் தொடறதுன்னு தெரியாம நிக்கறாங்க. காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர்ல மெழுகுல பல் செதுக்கும்போதே மூணையும் படிச்சாச்சு, வைவால ஒப்பிச்சும் ஆச்சு, ஆனா தினம் எதை எழுதணும்னு யாரும் உக்கார வெச்சு சொல்லித் தரல. ஆர்த்தோ (பல் வரிசையைச் சீர் பண்ற) டிபார்ட்மென்ட்ல ஒண்ணு எழுதினாங்க, சர்ஜரில வேற எழுதினாங்க, நாம எந்த போஸ்டிங்ல இருக்கோமோ அதுக்கேத்த மாதிரி எழுதிட்டு வந்துட்டோம். சொந்த க்ளினிக்ல அப்படி ஓட்ட முடியாது, ஏன்னா அங்க எழுதறது ஒருத்தர், படிக்கறது நாலு பேர்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட போகலாம். தமிழ்நாட்டுல ஜெனரல் ப்ராக்டிஸ்னா ரெக்கார்டு எஃப்டிஐல இருக்கட்டும், பாமரை எழுதவும் படிக்கவும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, யுனிவர்சலைப் படிக்க மட்டும் கத்துக்கோங்க. ஏன்னு கேக்கறவங்களுக்குத்தான் மீதி.

## எதை வெச்சு அளக்கறது

எது சயின்டிஃபிக்கா சிறந்ததுன்னு பேசிட்டு இருந்தா பொழுது போயிடும். க்ளினிக்ல உண்மையிலேயே பணத்தையும் பேரையும் பாதிக்கற விஷயங்கள் இவ்வளவுதான்:

- படம் போடாம, வாயால சொல்லியோ வாட்ஸ்அப்ல டைப் பண்ணியோ புரிய வைக்க முடியுமா
- தப்பா கேட்டாலோ தப்பா எழுதினாலோ அந்தத் தப்பு கண்ணுல படுமா, இல்ல வேற பல்லோட நம்பரா மாறி அமைதியா உக்காந்துக்குமா
- பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கற குழந்தை வாய்ல குழப்புமா
- லேப், எக்ஸ்ரே சென்டர், வாரம் ஒரு நாள் வந்துட்டு போற கன்சல்டன்ட், இவங்க எதுல பேசறாங்க
- பிடிஎஸ் படிக்காத அசிஸ்டென்ட்டுக்கு சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்

ரெண்டாவதைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன். மத்ததுல சொதப்பினா டைம் போகும், அதுல சொதப்பினா பல் போகும்.

மறந்தவங்களுக்காக, ஒரே பல் மூணுலயும் எப்படி வரும்னு ஒரு பார்வை:

| பல் | பாமர் | எஃப்டிஐ | யுனிவர்சல் |
|---|---|---|---|
| மேல் வலது முதல் கடவாப்பல் | 6┘ | 16 | 3 |
| மேல் இடது முதல் கடவாப்பல் | └6 | 26 | 14 |
| கீழ் இடது முதல் கடவாப்பல் | ┌6 | 36 | 19 |
| கீழ் வலது முதல் கடவாப்பல் | 6┐ | 46 | 30 |
| மேல் வலது நடு வெட்டுப்பல் | 1┘ | 11 | 8 |
| மேல் இடது சிங்கப்பல் | └3 | 23 | 11 |
| கீழ் இடது ஞானப்பல் | ┌8 | 38 | 17 |

வலது இடதுன்னா எப்பவும் பேஷன்ட்டோட வலது இடதுதான். அவர் நம்மளைப் பாத்து உக்காந்திருக்கற மாதிரி சார்ட் போடறதால பேப்பர்ல இடது பக்கம் இருக்கறது அவரோட வலது. ஓபிஜியும் (ரெண்டு தாடையும் முழுசா தெரியற எக்ஸ்ரே) அதே மாதிரிதான் மாட்டறோம். இதைக் கேட்டு சிரிக்காதீங்க, புது அசிஸ்டென்ட் வந்த முதல் வாரத்துல வர்ற தப்புல பாதி இதுதான்.

## பாமர்

மூணுல மூத்தது இதுதான். 1861-ல வியன்னால அடால்ஃப் சிக்மோண்டினு ஒரு டென்டிஸ்ட் சிலுவை மாதிரி கோடு போட்டு நாலு பக்கமும் 1-லிருந்து 8 வரைக்கும் எழுதற வழியைக் கொண்டு வந்தார். அப்புறம் அமெரிக்கால ஓஹியோக்காரர் கோரிடன் பாமரும் கிட்டத்தட்ட அதையே கொண்டு வர, பேரு அவருக்குப் போயிடுச்சு. (சிக்மோண்டியோட பையன் ரிச்சர்ட் பின்னாடி கெமிஸ்ட்ரில நோபல் வாங்கினார், 1925-ல. அப்பா பேரு எங்க காலேஜ் நோட்ஸ்ல 'சிக்மோண்டி-பாமர்'னு ஒரு ஹைஃபனுக்கு முன்னாடி ஒட்டிட்டு இருந்ததோட சரி.)

பாமரோட பலம் கண்ணு. நடுக்கோட்டுல இருந்து எண்ணு, நாலு மூலை, அவ்வளவுதான், அசிஸ்டென்ட்டுக்கு பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும். ஆர்த்தோக்காரங்க இதை விட மாட்டேங்கறதுக்கும் காரணம் இருக்கு. பல் நெருக்கியடிச்சு நிக்கற க்ரௌடிங் கேஸ்ல மேல ரெண்டு முதல் ப்ரீமோலரும் (சிங்கப்பல்லுக்கும் கடவாப்பல்லுக்கும் நடுவுல இருக்கற பல்) கீழ ரெண்டு ரெண்டாவது ப்ரீமோலரும் எடுக்கணும்னு வைங்க. பாமர்ல ஒரு சிலுவை போட்டு மேல 4, 4, கீழ 5, 5. பாத்த உடனே ரெண்டு பக்கமும் சமமா இருக்கறது தெரியுது, மேலயும் கீழயும் வேற பல்லுங்கறதும் தெரியுது. அதையே எஃப்டிஐல 14, 24, 35, 45-னு எழுதலாம், கடைசி இலக்கத்தைப் பாத்தா பரவாயில்ல. யுனிவர்சல்ல 5, 12, 20, 29. இந்த நாலு நம்பரைப் பாத்து இது சமச்சீரா இல்லையான்னு யாராவது ஒரு பார்வைல சொல்லுங்க பாப்போம்.

பேப்பரை விட்டு வெளிய வந்தா பாமர் தடுமாறுது. போன்ல 'சிக்ஸ் எடுத்துடுங்க'ன்னா எந்த சிக்ஸ்? கூடவே 'லோயர் லெஃப்ட்'னு சொல்லியாகணும், அதைச் சொன்னா அப்புறம் கோடு எதுக்கு. கீபோர்டுல அந்த மூலைக்கோடு கிடையாது. யுனிகோட்ல பல் மருத்துவத்துக்குன்னே குறியீடுகள் இருக்கு, ஜப்பான் ஸ்டாண்டர்டுல இருந்து வந்தது, ஆனா அதை எந்த வாட்ஸ்அப் கீபோர்டுல தேடறது? அதனால நடக்கறது என்னன்னா பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பறாங்க, போட்டோ தலைகீழாவோ கோணலாவோ வரும், தலைகீழா திருப்பினா மேல் வலது கீழ் இடதா மாறிடும். 6-ஐத் திருப்பினா 9-ஆகி மாட்டிக்கும், 9-னு ஒரு பல்லே கிடையாது. ஆனா 8 திருப்பினாலும் 8, 1 திருப்பினாலும் 1. ஞானப்பல் எக்ஸ்ட்ராக்ஷனுக்கு எழுதின சீட்டு இப்படி வந்தா யோசிச்சுப் பாருங்க.

அவசரத்துல படுக்கைக்கோடு சரியா விழாம போறது, ஜெராக்ஸ்ல கோடு மங்கறது, இதெல்லாம் பாமரோட மறைமுகச் செலவு. கோடுதான் பாதி தகவல், அது போச்சுன்னா 6-ங்கறது நாலு பல்லுல எதுன்னாலும் இருக்கலாம்.

பிரிட்டன்ல இதுக்கு ஒரு நல்ல ஒட்டு போட்டு வெச்சிருக்காங்க. கோட்டுக்குப் பதிலா யூஆர்6 (அப்பர் ரைட் 6), யூஎல்6, எல்எல்6 (லோயர் லெஃப்ட் 6), எல்ஆர்6-னு எழுத்துல எழுதறது. அங்க இருந்து வர்ற பேஷன்ட்டோட ரெஃபரல் லெட்டர்ல அடிக்கடி இப்படித்தான் இருக்கும். படிக்கறதுக்கு ட்ரெயினிங்கே வேணாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவம். நம்ம ஊர்ல ஏன் பரவலைன்னு தெரியல.

## எஃப்டிஐ

எஃப்டிஐங்கறது உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு, 1900-ல பாரிஸ்ல ஆரம்பிச்சது. ரெண்டு இலக்க முறையை அவங்க ஏத்துக்கிட்டது 1970-ல. அப்புறம் ஐஎஸ்ஓ 3950-ங்கற ஸ்டாண்டர்டாவும் ஆச்சு. அடிப்படைல இது பாமரோட குழந்தைதான், கோட்டை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு நம்பரை வெச்சிருக்காங்க. முதல் இலக்கம் தெரு, ரெண்டாவது வீடு. பேஷன்ட்டோட மேல் வலதுல ஆரம்பிச்சு 1, 2, 3, 4-னு சுத்தி வர்றது நிரந்தரப் பல்லுக்கு, அதே சுத்துல 5, 6, 7, 8 பால் பல்லுக்கு.

படிக்கும்போது 'பதினாறு'ன்னோ 'சிக்ஸ்டீன்'னோ சொல்லக்கூடாது, ஒன் சிக்ஸ். இதை முதல் நாளே க்ளினிக்ல ரூலா போட்டுடுங்க. 'சிக்ஸ்டீன்'னு சொல்ற டென்டிஸ்ட் ஒருத்தர் இருந்தாருன்னா அசிஸ்டென்ட்டும் அப்படியே எழுத ஆரம்பிக்கும், அப்புறம் சிக்ஸ்டீனும் சிக்ஸ்டியும் காதுல ஒண்ணாத்தான் விழும்.

இதுல என்ன லாபம்னா டைப் பண்ணலாம், சொல்லலாம், எக்ஸெல்ல தேடலாம், கடைசி இலக்கம் பாத்தாலே என்ன வகைப் பல்லுன்னு தெரியும். 16, 26, 36, 46 எல்லாமே முதல் கடவாப்பல். கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பால பெரும்பாலான நாடுகள், எல்லாம் இதுல ஓடுது. நம்ம ஊர்ல கிரௌன் (பல் மேல மாட்டற கேப்) பண்ற லேப் சீட்டுலயும் இப்ப பெரும்பாலும் இதுதான். இன்டர்போல் பேரிடர்ல இறந்தவங்களை அடையாளம் காண வெச்சிருக்கற ஃபார்ம்ல பல் சார்ட் எஃப்டிஐ நம்பர்லதான் இருக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் தாய்லாந்துல இறந்த வெளிநாட்டுக்காரங்க பல பேரை அவங்க ஊர் டென்டிஸ்ட் வெச்சிருந்த ரெக்கார்டை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க, அதனால நாம எழுதற சார்ட் நம்ம பீரோவோட முடியற விஷயம் இல்ல.

இனி குறை. ரெண்டு இலக்கம் இடம் மாறினா என்ன ஆகும்னு யாரும் பேசறதில்ல. ரெண்டு இலக்கமும் 1-லிருந்து 4-க்குள்ள இருந்தா திருப்பிப் போட்டாலும் அது ஒரு நிஜப் பல்லுதான்: 12-21, 13-31, 14-41, 23-32, 24-42, 34-43, ஆக ஆறு ஜோடி. 14 எடுக்கணும்னு சொன்னது 41-னு டைப் ஆச்சுன்னா மேல் வலது ப்ரீமோலர் கீழ் வலது நடு வெட்டுப்பல்லா மாறிடுது, சாஃப்ட்வேர் ஒரு வார்னிங்கும் குடுக்காது. கடவாப்பல் பக்கம் இந்தப் பிரச்சினை பெரியவங்களுக்கு இல்ல. 46-ஐ 64-னு அடிச்சா அது பால் பல் நம்பர், நாப்பது வயசுக்காரருக்கு அது வந்தாலே உறுத்தும். ஆனா ஏழு வயசுப் பையனுக்கு? அதுக்கு கீழ தனியா வர்றேன்.

இன்னொண்ணு, சில பேர் 1-6-னு நடுவுல கோடு போட்டு எழுதுவாங்க, எக்ஸெல்ல அதை அடிச்சா அது தேதியா மாத்திடும், ஒண்ணு ஜனவரி 6 இல்லைன்னா ஜூன் 1, கம்ப்யூட்டர் செட்டிங்கைப் பொறுத்து. மாசக் கடைசில லேப் பில்லை ஒத்துப் பாக்கும்போது கிரௌன் லிஸ்ட்ல ஏன் இத்தனை தேதி இருக்குன்னு ரிசப்ஷனிஸ்ட் முழிக்கும். கோடும் வேணாம், புள்ளியும் வேணாம், வெறும் 16.

## யுனிவர்சல்

பேருதான் யுனிவர்சல், நடைமுறைல அமெரிக்கா. இதை முதல்ல முன்வெச்சது ஜெர்மன்காரர் யூலியஸ் பாரைட், 1882-ல. அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் 1968-ல ஏத்துக்கிட்டாங்க. மேல் வலது ஞானப்பல் 1, அங்கிருந்து மேல் வரிசை முழுக்க வந்து மேல் இடது ஞானப்பல் 16, அப்படியே கீழ இறங்கி கீழ் இடது ஞானப்பல் 17, திரும்பி வந்து கீழ் வலது ஞானப்பல் 32. பால் பல்லுக்கு ஆங்கில எழுத்து, ஏ-ல ஆரம்பிச்சு இருபது எழுத்து.

நியாயமா சொல்லணும்னா இதுக்கும் ஒரு அழகு இருக்கு. ஒரு பல்லுக்கு ஒரே நம்பர், க்வாட்ரன்ட்னு (வாயை நாலா பிரிச்ச கால் பகுதி) எதையும் தனியா சொல்ல வேணாம். எண்ணிக்கைப் பிரியர்களுக்கு ஒரு ட்ரிக்: மேல ஒரு பல்லும் அதுக்கு நேர் கீழ இருக்கற பல்லும் கூட்டினா 33 வரும், 3-ம் 30-ம், 14-ம் 19-ம். மேல் வரிசைல வலதும் இடதும் கூட்டினா 17, கீழ் வரிசைல 49. அமெரிக்கா எக்ஸாம் எழுதறவங்க இதைப் பிடிச்சுக்கிட்டா மனப்பாடம் பாதி குறையும்.

ஆனா நம்பரைப் பாத்தா அது என்ன பல், எந்தப் பக்கம்னு எதுவும் சொல்லாது, எண்ணித்தான் ஆகணும், இல்ல வருஷக்கணக்கா பழகியிருக்கணும். பேச்சுல தேர்ட்டீனும் தேர்ட்டியும் ரெண்டுமே நிஜப் பல். ஒண்ணு மேல் இடது ப்ரீமோலர், இன்னொண்ணு கீழ் வலது கடவாப்பல். மாஸ்க் போட்டுட்டு, சக்ஷன் ஓடிட்டு இருக்கும்போது இதை அசிஸ்டென்ட் பிரிச்சுக் கேக்கணும்.

பால் பல் பக்கம் நமக்குன்னு ஒரு தனிச் சிக்கல். அசிஸ்டென்ட் நோட்டுல தமிழ்ல எழுதற பழக்கம் பல க்ளினிக்ல உண்டு. ஆங்கில வரிசைல நாலாவது எழுத்தும் தமிழ்ல 'டி', இருபதாவதும் 'டி'. முதல்ல வர்றது மேல் வலது பக்கவாட்டு வெட்டுப்பல், பின்னாடி வர்றது கீழ் வலது ரெண்டாவது கடவாப்பல். அதே மாதிரி ரெண்டாவது எழுத்தும் பதினாறாவதும் 'பி'. இதுக்கு மேல எம், என் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துப் பல்லு, காதுலயும் பக்கத்துலதான் இருக்கு. தமிழ் க்ளினிக்ல இந்த முறையை தினசரி ரெக்கார்டுக்கு வெக்கக்கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

அப்புறம் ஏன் படிக்கணும்? டிசம்பர் ஜனவரில க்ளினிக் பக்கம் எட்டிப் பாத்தா தெரியும். நியூஜெர்சில இருந்தோ டல்லஸ்ல இருந்தோ லீவுக்கு வந்தவர் அங்க டென்டிஸ்ட் குடுத்த ட்ரீட்மென்ட் ப்ளானை நீட்டுவார். அதுல 14, ரூட் கெனால் திரும்பப் பண்ணணும், கிரௌன் போடணும்னு இருக்கும். எஃப்டிஐ கண்ணோட படிச்சா மேல் வலது முதல் ப்ரீமோலர். அவங்க சொன்னது மேல் இடது முதல் கடவாப்பல். பக்கமே மாறிப்போச்சு. நம்பருக்கு முன்னாடி ஹேஷ் (#) குறி இருந்தா அமெரிக்கச் சீட்டுன்னு சந்தேகப்படுங்க, ஆனா அது எல்லார்கிட்டயும் இருக்காது.

உக்காந்து எண்ணிப் பாத்தா எஃப்டிஐலயும் யுனிவர்சல்லயும் பொதுவா வர்ற நிரந்தரப் பல் நம்பர் 18: 11-லிருந்து 18, 21-லிருந்து 28, அப்புறம் 31, 32. இந்த 18-ல ஒண்ணு கூட ரெண்டு முறைலயும் ஒரே பல் கிடையாது. ஏதாவது ஒண்ணு ரெண்டாவது ஒத்துப்போகும்னு நினைச்சேன், இல்ல. எக்ஸ்ட்ரா பல்லுக்கு யுனிவர்சல்ல பக்கத்துப் பல் நம்பரோட 50 கூட்டி 51-லிருந்து 82 வரைக்கும் போடுவாங்க, அது வேற எஃப்டிஐ பால் பல் நம்பரோட போய் மோதும்.

## அளவுகோல் வாரியா

| எது | பாமர் | எஃப்டிஐ | யுனிவர்சல் |
|---|---|---|---|
| போன், வாட்ஸ்அப் | சிரமம், யூஆர்6 வடிவம்னா நல்லாருக்கு | நல்லாருக்கு | பழகினவங்களுக்குள்ள மட்டும் |
| தப்பு கண்ணுல படுமா | கோடு போனா படவே படாது | கடவாப்பல்ல படும், முன்பல்ல படாது | படாது, 1-32 எல்லாமே நிஜப் பல் |
| கலப்புப் பல் குழந்தை | நல்லாருக்கு | கவனம் வேணும் | எழுத்துக் குழப்பம் |
| லேப் | பழைய லேப்ல ஓடும் | பெரும்பாலும் இதுதான் | கேக்காதீங்க |
| அசிஸ்டென்ட்டுக்கு கத்துக்குடுக்க | ரொம்ப ஈஸி | ஒரு நாள் | வாரக்கணக்கு |

டென்மார்க்ல ஹாடரப்னு ஒரு முறை இருக்கு, ப்ளஸ் மைனஸ் போடுவாங்க, 6+ மேல் வலது, +6 மேல் இடது. வைவாக்குத் தெரிஞ்சா போதும்.

## குழந்தை வாய்

ஆறு வயசுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வாய் ஒரு கட்டுமான வேலை நடக்கற இடம். ஆறு வயசுல முதல் நிரந்தரக் கடவாப்பல் வரும், எந்தப் பல்லும் விழாம, பால் கடவாப்பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாம வந்து நிக்கும். அம்மா அப்பா பெரும்பாலும் அதையும் பால் பல்லுன்னுதான் நினைப்பாங்க, 'விழற பல்லுதானே டாக்டர், எதுக்கு செலவு'ன்னு கேப்பாங்க. அதனால சார்ட்ல இது எந்த வகைன்னு தெளிவா இருக்கறது ட்ரீட்மென்ட்டுக்கு மட்டும் இல்ல, பேசிப் புரிய வைக்கறதுக்கும் வேணும்.

கீழ் வலது பக்கம் எடுத்துக்கோங்க. கடைசிப் பால் பல்லும் அதுக்குப் பின்னாடி நிரந்தரக் கடவாப்பல்லும் எஃப்டிஐல 85, 46. பாமர்ல ஆங்கில 'ஈ', அடுத்து 6. பாமர்ல பால் பல்லுன்னா எழுத்து, நிரந்தரப் பல்லுன்னா நம்பர், அதனால வகை மாறவே மாறாது. குழந்தைங்களுக்கு பாமர் நல்லாருக்குன்னு டேபிள்ல போட்டது அதனாலதான். எஃப்டிஐல ரெண்டும் நம்பர், மேல சொன்ன இடமாற்றம் இங்கதான் கடிக்கும். 46-ஐ 64-னு எழுதினா கீழ் வலது நிரந்தரக் கடவாப்பல் மேல் இடது பால் கடவாப்பல்லா ஆயிடும். ஏழு வயசுப் பையன் வாய்ல ரெண்டுமே இருக்கு, ரெண்டுலயும் சொத்தை இருந்தாலும் ஆச்சரியம் இல்ல. 36-63, 26-62, 16-61 எல்லாம் இதே கதை.

சாஃப்ட்வேர்ல சார்ட் படத்தைத் தொட்டு பல்லை செலக்ட் பண்றவங்களுக்கு இது வராது, நம்பரை டைப் பண்றவங்களுக்குத்தான் வரும். பீடோ (குழந்தைப் பல் வைத்தியம்) கேஸ் நிறைய பாக்கற க்ளினிக்னா நம்பரோட ஒரு வார்த்தை சேத்து எழுதற பழக்கம் வையுங்க, '64 பால்', '46 நிரந்தரம்'னு. ரெண்டு செகண்ட் வேலை.

இன்னும் ஒண்ணு, பால் பல்லுல ப்ரீமோலர் கிடையாது. 54, 55 ரெண்டும் கடவாப்பல், அது விழுந்த இடத்துல வர்ற 14, 15 ப்ரீமோலர். கடைசி இலக்கம் ஒண்ணா இருக்கறதால ஒரே வகைன்னு அசிஸ்டென்ட் நினைச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரௌன் கிட்ல தப்பான பெட்டியைத் திறக்கறது உண்டு.

## நம்பர் காப்பாத்தாத இடங்கள்

எந்த முறை போட்டாலும் தீராத தகராறு ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல கீழ் முதல் கடவாப்பல் எடுத்துட்டாங்க, ரெண்டாவது கடவாப்பல் மெதுவா முன்னாடி நகந்து அந்த இடத்துல நல்லா உக்காந்துக்கிச்சு. பாத்தா கேப்பே இல்ல. ஒரு டென்டிஸ்ட் இதை 36-னு எழுதுவார், எக்ஸ்ரேல வேர் வடிவம் பாத்து இன்னொருத்தர் 37-னு எழுதுவார். ப்ரேஸஸ் போட்டு ப்ரீமோலர் எடுத்து இடம் மூடின வாயும் அப்படித்தான், மிச்சம் இருக்கற ப்ரீமோலர் 4-ஆ 5-ஆன்னு பேஷன்ட்டுக்கும் ஞாபகம் இருக்காது. நம்பர் குடுக்கறது இடத்துக்கு இல்ல, பல்லுக்கு. ஆனா எந்தப் பல்லுன்னு முடிவு பண்றது டென்டிஸ்ட்டோட கண்ணு. இந்த மாதிரி வாய்க்கு நம்பரோட 'பின்னாடி இருந்து ரெண்டாவது, பெரிய சில்வர் ஃபில்லிங் இருக்கறது'ன்னு அடையாளம் எழுதறதுதான் வழி, அதுவும் ரெஃபரல் சீட்டுன்னா கட்டாயம். எக்ஸ்ட்ராக்ஷனுக்கு அனுப்பும்போது எக்ஸ்ரேயும் கூடப் போகட்டும்.

மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல எக்ஸ்ட்ரா பல், மீசியோடென்ஸ், வந்தா எஃப்டிஐல கண்டதையும் கற்பனை பண்ணி ஒரு நம்பர் போடாதீங்க. '11, 21-க்கு நடுவுல மீசியோடென்ஸ்'னு எழுதினா உலகத்துல எந்த டென்டிஸ்ட்டுக்கும் புரியும்.

## அப்போ யாருக்கு எது

ஜெனரல் ப்ராக்டிஸ், கம்ப்யூட்டர் ரெக்கார்டு, வெளி லேப்: எஃப்டிஐ, யோசிக்கவே வேணாம்.

ஆர்த்தோ மட்டுமே பாக்கறவர், பேப்பர் கேஸ் ஷீட்: பாமரே இருக்கட்டும். ஆனா எக்ஸ்ட்ராக்ஷனுக்கு வெளிய அனுப்பற சீட்டுல எஃப்டிஐ நம்பரும், வார்த்தைல பக்கமும் சேத்து எழுதுங்க. எடுக்கறவர் வேற ஆளு, எடுத்த பல்லைத் திருப்பி வெக்க முடியாது.

வீக்கெண்ட்ல மட்டும் வந்துட்டு போற ஆர்த்தோ கன்சல்டன்ட் உங்க கேஸ் ஷீட்ல பாமர்ல எழுதறாரா, சண்டை போடாதீங்க, சீனியர்னா மாத்திக்க மாட்டார். அவர் எழுதின சிலுவைக்குக் கீழயே நீங்க எஃப்டிஐல எழுதி, அவர் கிளம்பறதுக்குள்ள அவரையே பாக்க வெச்சு இனிஷியல் வாங்கிடுங்க. க்ளினிக்குக்குள்ள ரெண்டு முறை ஓடினாலும் சாஃப்ட்வேருக்குள்ள போறது ஒண்ணா இருக்கணும். எஃப்டிஐயா பாமராங்கறதை விட, ஒரே ஃபைல்ல எது எதுன்னு தெரியாம ரெண்டும் கலந்து கிடக்கறதுதான் எனக்கு பயம்.

அமெரிக்கா எக்ஸாம் எழுதறவங்க, அங்க செட்டில் ஆகப் போறவங்க: யுனிவர்சல் வேற வழி இல்ல. ஆனா இங்க க்ளினிக்ல ப்ராக்டிஸுக்காக அதுல எழுதாதீங்க, பழக வீட்ல ஒரு சார்ட் போதும். கனடா, ஆஸ்திரேலியா பக்கம் போறவங்களுக்கு எஃப்டிஐயே கை குடுக்கும். பிரிட்டன்னா பாமர் கண்ணுக்குப் பழகியிருக்கணும்.

அமெரிக்கால இருந்து வந்து இங்க இம்ப்ளான்ட்டோ கிரௌனோ பண்ணிட்டு அங்க இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் போடப்போற பேஷன்ட்: உங்க ரெக்கார்டு எஃப்டிஐலயே இருக்கட்டும், அவருக்குக் குடுக்கற பில்லுல மட்டும் 'எஃப்டிஐ 36, யுனிவர்சல் 19, கீழ் இடது முதல் கடவாப்பல்'னு மூணையும் ஒரே வரில போடுங்க. பேரு போடாம வெறும் நம்பர் குடுத்தா அங்க இருக்கற ஆளு 36-ங்கற பல்லைத் தேடி மெயில் போடுவார், அவங்க லிஸ்ட் 32-லயே முடிஞ்சிடுது.

## பழைய ரெக்கார்டை மாத்தும்போது

பாமர்ல இருக்கற பழைய கேஸ் ஷீட்டை எஃப்டிஐக்கு கொண்டு வர்றது சுலபம், வீட்டு நம்பர் அப்படியே இருக்கு, முன்னாடி தெரு நம்பர் சேக்கணும், அவ்வளவுதான். எல்லாத்தையும் உக்காந்து மாத்த வேணாம், பேஷன்ட் திரும்ப வரும்போது வாயைப் பாத்துட்டே மாத்துங்க, பேப்பரை மட்டும் பாத்து மாத்தினா கோடு மங்கின இடத்துல கற்பனை பண்ணத் தோணும். பழைய ஷீட்டைக் கிழிக்காம ஸ்கேன் பண்ணி கூடவே வெச்சுக்கோங்க.

ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போதுதான் எதிர்பாராத அடி. அமெரிக்கால செஞ்ச சில சாஃப்ட்வேர் திரைல எஃப்டிஐ காட்டும், ஆனா உள்ள சேமிக்கறது யுனிவர்சல் நம்பர். எக்ஸ்போர்ட் எடுத்தா அந்த உள் நம்பர்தான் வரும். புது சாஃப்ட்வேர் அதை எஃப்டிஐன்னு நினைச்சு வாங்கிக்கிட்டா, அந்த 18 நம்பர்ல இருக்கறதெல்லாம் ஒரு எரரும் காட்டாம வேற பல்லுக்குப் போயிடும், மத்தது மட்டும்தான் கத்தும். வாய்க்குள்ள விட்டு பல்லை ஸ்கேன் பண்ற இன்ட்ராஓரல் ஸ்கேனரோட டீஃபால்ட்டையும் வாங்கின அன்னிக்கே பாத்துடுங்க, லேப்புக்குப் போற ஃபைல்ல நம்பர் அங்க இருந்துதான் போகுது.

அதனால டேட்டாவை மாத்தறதுக்கு முன்னாடி கீழ் இடது முதல் கடவாப்பல்லுல ரூட் கெனால் பண்ணின ஒரு பேஷன்ட்டை எடுத்து, எக்ஸ்போர்ட் ஃபைல்ல அவர் வரியைத் திறந்து பாருங்க. 36-னு இருந்தா தொடருங்க, 19-னு இருந்தா நிறுத்திட்டு சாஃப்ட்வேர் ஆளைக் கூப்பிடுங்க.